கடைசி அரை மணிநேரத்துக் கைச்சூடு

ஒன்பதாம் நம்பர் லாகரின் வெப்பக் கோட்டில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது.

பிரமாதமான மேடு ஒன்றும் இல்லை. பாய்க்கு அடியில் ஒரு கூழாங்கல் மாட்டிக்கொண்டால் எப்படித் தெரியுமோ அப்படி, லேப்டாப் திரையில் ஒரு புடைப்பு. திரையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துச் சின்னவள் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நகப்பூச்சுதான் போயிற்று. மேடு அப்படியே இருந்தது.

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருப்பதே பெரிய காரியம். இவர்கள் ஒரே தொழிலும் செய்தார்கள். எப்படி முடிகிறது என்று கேட்டவர்களிடம், சண்டை போட நேரம் கிடைக்கவில்லை, கிடைத்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள்.

மருந்து வைக்கும் குளிரறைகளை அளந்து சான்று தருவதுதான் தொழில். அளப்பது என்றால் நீள அகலம் இல்லை. அறையின் எந்த மூலை, எந்த நேரத்தில், எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க எழுதிவைப்பது. லாகர் எனப்படும் பதிவுக் கருவிகள் இருபத்தேழு அந்த வேலையைச் செய்யும். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. உள்ளே அரிசியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப். வெப்பமானி, கடிகாரம் இரண்டுமே அந்த ஒரே சிப்பில் குடியிருந்தன. விநாடிக்கு ஒரு தடவை, மணி இவ்வளவு, சூடு இவ்வளவு என்று சேர்த்து எழுதிக்கொள்ளும். குளிர் பட்டால் மற்ற கடிகாரங்கள் சோம்பிப்போகும். இதுவோ பக்கத்து வீட்டு வெப்பமானியிடம் கேட்டுத் தன் நடையைத் தானே சரிசெய்துகொள்ளும். வருடத்துக்கு ஒரு நிமிடம் பிசகினால் அதிகம். இதோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் வரும் கணவனோடு குடித்தனம் செய்கிற சின்னவளுக்கு அந்த சிப்பின் மேல் தனி மரியாதை இருந்தது.

காலியான குளிரறைக்குள் மூன்று வரிசையாக ஒன்பது ஸ்டாண்டுகளை நிறுத்துவார்கள். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் மூன்று லாகர். தரையோரம் ஒன்று முதல் ஒன்பது வரை. நெஞ்சு உயரத்தில் பத்து முதல் பதினெட்டு வரை. கூரையோரம், ஏணி போட்டு ஏறினால் மட்டும் கை எட்டுகிற இடத்தில், பத்தொன்பது முதல் இருபத்தேழு வரை. மறுநாள் ஒருத்தி மட்டும் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றிலிருந்து தொடங்கி வரிசையாக எடுப்பாள். இரண்டு பேர் போனால் உடம்புச் சூட்டில் அறை கெட்டுவிடும். ஒவ்வொரு லாகரையும் கையில் பிடித்து, பொத்தானை எட்டு விநாடி அமுக்கினால் ‘பீப்’ என்று கத்திவிட்டுப் பதிவை நிறுத்தும். பிறகு பெட்டிக்குள் போட வேண்டும். எடுத்த நேரத்தைத் தாளில் எழுத வேண்டும்.

அந்த எட்டு விநாடியில் கைச்சூடு ஏறும். ஆகவே ஒவ்வொரு கோடும் கடைசியில் விருட்டென்று மேலே ஏறி முடியும். வைக்கும்போதும் அதே கதை. அதனால் முதல் அரை மணியையும் கடைசி அரை மணியையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் அறிக்கையில் சேர்ப்பது அவர்கள் வழக்கம். தேங்காயில் நாரும் ஓடும் மாதிரி என்பாள் பெரியவள். போன வாரத்து வாடிக்கையாளர் மட்டும் வெட்டாத பதிவுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அதனால்தான் சின்னவள் இன்றைக்கு, தொழில் தொடங்கிய நாளாய் முதல் தடவையாக, குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

தாளில் அவள் கையெழுத்து: ஒன்பதாம் நம்பர், பத்து இருபத்தொன்று. கோடும் பத்து இருபத்தொன்றில் ஏறி முடிந்தது. சரி. ஆனால் மேடு இருந்தது பத்து பதினைந்தில். அப்போது அவள் மூன்றாம் நம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எட்டாம் நம்பரைத் திறந்தாள். அதிலும் மேடு. ஏழிலும். ஒன்று முதல் இருபத்தேழு வரை எல்லாவற்றிலும். ஒவ்வொரு மேடும் அவள் எடுத்த நேரத்துக்குச் சரியாக ஆறு நிமிடம் முன்னால். ஒவ்வொன்றும் எட்டு விநாடி.

"அக்கா, இங்க வாங்களேன்."

"துணி மடிச்சிட்டிருக்கேன். அங்கேருந்தே சொல்லு, காது நல்லாத்தான் இருக்கு."

"எனக்கு முன்னாடி யாரோ லாகரை எல்லாம் தொட்டிருக்காங்க."

"அந்த ஸ்டோர்கீப்பரா இருக்கும். அந்தாளு எதைத்தான் தொடல."

"கோல்டு ரூம் பூட்டியிருந்துச்சு. சாவி உங்க பையில. ஒண்ணாம் நம்பர்ல கை பட்டப்போ நானே இன்னும் உள்ள போகல."

"அப்ப நானாத்தான் இருக்கணும்," என்றாள் பெரியவள், ஒரு பனியனை உதறிக்கொண்டே. "தூக்கத்துல நடக்குற வியாதி. எங்க வீட்டுக்காரரைக் கேளு, குறட்டைக்குப் பயந்து எங்கெங்கயோ போவேன்னு சொல்வாரு."

"மேல் வரிசையையும் தொட்டிருக்கு. அந்த நேரத்துல ஏணி வெளிய இருந்துச்சுக்கா. கீழ் ரெண்டு வரிசையும் முடிச்சப்புறம் நான்தான் உள்ள எடுத்துட்டுப் போனேன்."

பெரியவள் பனியனோடு வந்து திரையைக் குனிந்து பார்த்தாள்.

"எட்டு விநாடி," என்றாள். "நம்ம முறைப்படியே பண்ணுது. பீப் மட்டும்தான் வரல. பரவால்லையே, சம்பளமும் கேக்காம வேலைக்கு வந்திருக்கு. ஒரு ஐடி கார்டு போட்டுக் குடுத்துரு."

பழைய வேலைகளின் பதிவுகள் நான்கு மட்டும் லேப்டாப்பில் மிச்சம் இருந்தன. அதற்கு முந்தியவற்றை இடம் போதவில்லை என்று பெரியவள் அழித்திருந்தாள். நான்கும் வெவ்வேறு கட்டடங்கள், வெவ்வேறு குளிரறைகள், வெவ்வேறு பூட்டுகள். சின்னவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் மேடு இருந்தது. ஆனால் ஆறு நிமிடம் இல்லை. அதற்கு முந்திய வாரம் பன்னிரண்டு நிமிடம். அதற்கு முன் பதினெட்டு. அதற்கு முன் இருபத்துநான்கு. முதல் பதிவில், வெட்டும் கத்தியின் விளிம்பில், சரியாக முப்பது.

முப்பது, இருபத்துநான்கு, பதினெட்டு, பன்னிரண்டு, ஆறு.

ஆறாவது இடத்தில் இன்று காலை வைத்துவிட்டு வந்த லாகர்களை நாளைக் காலை பத்து மணிக்கு எடுக்க வேண்டும். அடுத்த எண் என்ன என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

"போக வேண்டாம்க்கா," என்றாள் சின்னவள். "விட்டுரலாம்."

"இருபத்தேழையும் அங்கயே விட்டுட்டு வர்றதா? நல்லா இருக்கே. உனக்குப் பயமா இருந்தா நீ வராத, நான் எடுக்குறேன்."

"உங்க முட்டி?"

"ஏணிதான் ஏறாது. யாரையாவது தோள்ல தூக்கச் சொல்லி ஏறிக்குறேன்."

அவள் ஏறுவாள். அதுதான் பிரச்சினை. சின்னவளின் பிரசவம் மூன்று நாள் இழுத்தடித்தபோது, கட்டிய கணவனே வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தான். மூன்று நாளும் அந்த ஆஸ்பத்திரி நடையை விட்டு அசையாமல் நின்றவள் பெரியவள். முட்டி அப்போது கெட்டதுதான். அதைப் பற்றி அவள் பேசுவதே கிடையாது. யாராவது கேட்டால், மாடிப்படியில் விழுந்தேன் என்பாள். வீட்டில் மாடியே இல்லை.

ஆகவே கணக்கு எளிது. தான் போகாவிட்டால் இவள் போவாள்.

"நானே போறேன்," என்றாள் சின்னவள்.

மறுநாள் காலை வேனில், பாதி வழியில், பெரியவள் திடீரென்று தொடையில் தட்டினாள்.

"ஏண்டி, அது எப்பவும் ஒண்ணுல இருந்துதானே ஆரம்பிக்குது?"

"ஆமா."

"நீ இருபத்தேழுல இருந்து ஆரம்பி. அப்ப எப்படி அது உனக்கு முன்னாடி போகும்? இந்தக் கடைசியில நீ, அந்தக் கடைசியில அது."

சின்னவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று வியந்தாள். இருவருமே கெட்டிக்காரர்கள். கொஞ்சம் மக்காக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள்.

வெளியே நல்ல வெயில். லாரியிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. யாரோ யாரையோ பேர் சொல்லித் திட்டினார்கள். இங்கே இருந்த ஸ்டோர்கீப்பர் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே வந்து, "சீக்கிரம் முடிங்கம்மா, கதவைத் தொறந்து தொறந்து மூடாதீங்க, கரண்டு பில்லை நான்தான் கட்டுற மாதிரி மேல இருக்குறவர் என்னைக் கேக்குறாரு," என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டாள். பெட்டியைத் தோளிலும் ஏணியைக் கையிலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தடித்த கதவு அவள் பின்னால் ரப்பர் உதடுகளை ஒட்டிக்கொண்டு மூடியது. வெளிச்சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது.

குளிரறைக்கென்று ஒரு வாசனை உண்டு. ஈரத் தகரமும் பழைய ரப்பரும் எப்போதோ நனைந்து காய்ந்த அட்டையும் சேர்ந்த வாசனை, அது மூக்கில் ஏறுவதற்குள் உறைந்துபோய் நாக்கில்தான் தெரியும். கூரையோரம் இரண்டு விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. குழல்விளக்கின் வெளிச்சம் வெள்ளைச் சுவர்களில் பட்டுப் பட்டு, நிழல் எங்கே விழுவதென்று தெரியாமல் எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகிடந்தது. கதவுக்குப் பக்கத்தில் முதல் ஸ்டாண்டு. எதிர் மூலையில் ஒன்பதாவது. ஒவ்வொரு லாகரிலும் பத்து விநாடிக்கு ஒரு தடவை ஒரு பச்சைப் புள்ளி கண் சிமிட்டியது. எட்டு டிகிரிக்கு மேல் சூடு ஏறினால்தான் அது சிவப்பாகும்.

இருபத்தேழு புள்ளியும் பச்சை. எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

எதிர் மூலைக்குப் போய் ஏணியை விரித்து ஏறினாள். இருபத்தேழாம் நம்பர் கைக்குச் சில்லென்று இருந்தது. அப்படி ஒரு சில்லிப்பை அவள் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாகத் தொட்டதில்லை. யாரும் தொடவில்லை. எட்டு விநாடி. பீப். பெட்டி. இறங்கினாள், ஏணியை எட்டாவது ஸ்டாண்டுக்கு இழுத்தாள், ஏறினாள். இருபத்தாறு. அதுவும் சில்லிப்பு. பீப்.

இருபத்தைந்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, சும்மா, கதவு இருக்கிறதா என்று பார்ப்பது போல, அந்தப் பக்கம் திரும்பினாள்.

முதல் ஸ்டாண்டின் அடியில், தரையோரம், சிவப்பு.

கதவைத் திறந்தபோது வெளிச்சூடு பட்டிருக்கும், என்று நினைத்தாள். கதவுக்குப் பக்கத்தில் இருப்பதுதானே. நியாயமான காரணம். அதைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதே இரண்டாவது ஸ்டாண்டின் அடியும் சிவப்பாகச் சிமிட்டியது. அவள் கையில் இருந்தது ‘பீப்’ என்றது. மூன்றாவது சிவந்தது.

இருபத்துநான்கு. ஏணியை இழுக்கும்போது அதன் கால் தரையில் கிறீச்சிட்டது. அவள் நின்றாள். அங்கேயும் எதுவும் நகரவில்லை. அவள் ஏறினாள். எட்டு விநாடி. பீப். தரையோரம் நாலாம் நம்பர் சிவந்தது. அவள் ஏணியோடு எவ்வளவு மெதுவாகப் போராடினாலும் அது காத்திருந்தது. அவளுடைய ஒவ்வொரு பீப்புக்கும் அங்கே ஒன்று.

அடுத்தது இருபத்துமூன்று. ஐந்தாவது ஸ்டாண்டு, அறையின் நட்டநடு. அவள் ஏணியின் உச்சிப்படியில் நின்று லாகரைப் பிடித்துப் பொத்தானை அமுக்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த ஸ்டாண்டின் அடியில் இருப்பது ஐந்தாம் நம்பர்.

ஏணிக்குக் கீழே.

விசிறிகள் நின்றன. போதுமான குளிர் வந்ததும் அவை தாமாக நிற்கும், அது எல்லாக் குளிரறையிலும் உள்ளதுதான். ஆனால் அந்த இரைச்சல் போனதும் அறைக்குள் இருந்த மற்றச் சத்தங்கள் எல்லாம் தனித்தனியாக வெளியே வந்தன. குழல்விளக்கின் ரீங்காரம். தகரம் சுருங்கும் டிக். அவள் மூச்சு. அவள் மூச்சு நின்ற பிறகும் ஒரு மூச்சு.

கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். ஏணிப்படிகளின் இடைவெளியில் வெள்ளைத் தரை. ஸ்டாண்டின் இரும்புக் கால். பச்சைப் புள்ளி. வேறு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. ஏணி மட்டும் லேசாக, மிக லேசாக, யாரோ குனியும்போது தோள் உரசினாற்போல், ஒரு பக்கம் நகர்ந்தது.

எட்டு விநாடி என்பது மிக நீளமான நேரம்.

பீப்.

ஐந்தாம் நம்பர் சிவந்தது.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது எல்லாம் எப்படி எடுத்தாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. கைகள் வேலையை அறிந்திருந்தன, செய்தன. பின்பக்கம் தரையோரம் ஆறு, ஏழு, எட்டு. பத்தொன்பதை எடுத்துவிட்டு இறங்கியபோது அவள் முதல் ஸ்டாண்டில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். எதிர் மூலையில் ஒன்பதாம் நம்பர் சிவந்தது. அறையின் முழு நீளமும் இடையில் இருந்தது.

ஏணியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அவள் கதவின் குமிழைத் தள்ளினாள். வெயிலும் டீசல் நாற்றமும் மனிதக் கூச்சலும் முகத்தில் அடித்தன.

"என்னடி, ஒதடு நீலமா இருக்கு!" பெரியவள் அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "முடிஞ்சுதா?"

"மேல் வரிசை மட்டும்... அக்கா, உள்ள இருக்கு. நடந்துட்டு இருக்கு. எனக்குக் கீழேயே வந்துச்சு. விட்டுட்டு வாங்க, போயிரலாம்."

"சரி சரி, மூச்சு விடு. கையெல்லாம் ஐஸு." பெரியவள் அவள் தோளிலிருந்து பெட்டியைக் கழற்றி வாங்கினாள். "கோட்டைக் கழட்டாம இப்படி வெயில்ல நில்லு. ஏணி வேலைதான் முடிஞ்சுபோச்சே. மிச்சத்துக்கு என் முட்டி தாங்கும்."

"வேண்டாம்க்கா. ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்தா நடுவுல..."

"நடுவுல என்ன? ரெண்டு பேரா சேந்து எடுத்தா பாதி நேரத்துல முடியும்."

அது நகைச்சுவை. அதைச் சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள். கதவு தன் ரப்பர் உதடுகளை மூடிக்கொண்டது.

சின்னவள் கதவில் இருந்த வட்டக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள். பெரியவள் நொண்டிக்கொண்டே எதிர் மூலைக்குப் போனாள். அறையின் நடுவில், ஐந்தாவது ஸ்டாண்டைத் தாண்டும்போது, கூட்டத்தில் எதிரே வருபவருக்கு வழி விடுவது போல் சற்றே தோளை ஒதுக்கினாள். ஏன் ஒதுக்கினோம் என்று அவளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பதினெட்டாம் நம்பரைப் பிடித்தாள்.

கண்ணாடிக்கு மிக அருகில், முதல் ஸ்டாண்டில், நெஞ்சு உயரத்தில், பத்தாம் நம்பர் சிவந்தது.

சின்னவள் கதவை அறைந்தாள். பெரியவள் அங்கிருந்து, சத்தம் போடாதே என்று கையைக் காட்டினாள். பதினேழு. இந்தப் பக்கம் பதினொன்று. பதினாறு. பன்னிரண்டு. சின்னவள் கதவின் கைப்பிடியை இழுத்துத் திறந்தாள். அது எந்த அடமும் பிடிக்காமல் திறந்தது.

"அக்கா! வெளிய வாங்க!"

"வர்றேண்டி. இது பதினஞ்சு. இன்னும் கொஞ்சம்தான்."

பதின்மூன்று சிவந்தது.

பெரியவள் இரண்டு எட்டு வைத்து நடு ஸ்டாண்டுக்கு வந்தாள். கையை நீட்டினாள். பதினான்காம் நம்பரை அவள் விரல்கள் தொடவில்லை. அதற்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றன. நின்று, எதையோ சுற்றி வளைந்தன. தடிமனான எதையோ.

"ஐயோ," என்றாள் பெரியவள். வலித்து அல்ல. பஸ்ஸில் தெரியாதவர் மடியில் கை பட்டுவிட்டால் சொல்வது போல. "சுடுது."

"கையை எடுங்கக்கா!"

"எடுக்கத்தான் பாக்குறேன்." கொஞ்சம் இழுத்தாள். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "விட மாட்டேங்குது சின்னவளே."

சின்னவள் ஓடினாள். பின்னால் எங்கேயோ ஸ்டோர்கீப்பரின் குரல் கதவு, கதவு என்று கத்தியது. அவள் போய்ப் பெரியவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். பதினான்காம் நம்பர் சிவந்தது. எட்டு விநாடி ஆயிற்று. அது தன் அடுத்த ஸ்டாண்டுக்குப் போயிற்று.

பெரியவளும் போனாள். பிடித்த கையை நீட்டியபடி, நொண்டிக்கொண்டு, ஆறாவது ஸ்டாண்டுக்கு. அங்கே லாகர் இல்லை, அவள் எடுத்துவிட்டிருந்தாள். இருந்தாலும் எட்டு விநாடி. பிறகு ஏழு. பிறகு எட்டு. சின்னவள் குதிகாலைத் தரையில் ஊன்றினாள். சறுக்கிக்கொண்டே போனாள். ஒன்பதாவது ஸ்டாண்டில் நெஞ்சு உயரம் முடிந்தது.

பிறகு அது முதல் ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தது. மேல் வரிசைக்கு.

பெரியவளின் கை உயர்ந்தது. தோள் உயர்ந்தது. குதிகால் உயர்ந்தது. ஏணி சுவரோரம் சாய்ந்துகிடந்தது. ஒரு செருப்பு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. சின்னவளின் பிடி இடுப்பிலிருந்து முட்டிக்கு நழுவியது, முட்டியிலிருந்து கணுக்காலுக்கு.

"விட்டுராதடி," என்று மேலிருந்து குரல் வந்தது. கேலி எதுவும் இல்லாத குரல். அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே சின்னவளுக்கு அதுவரை தெரியாது.

"விட மாட்டேன்க்கா."

விடவில்லை. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. ஒருத்தி காற்றில், ஒரு கையை உயர்த்தியபடி. ஒருத்தி தரையில், அவள் கணுக்கால்களை நெஞ்சோடு அணைத்தபடி. ஸ்டாண்டு ஸ்டாண்டாக. ஒவ்வொன்றிலும் எட்டு விநாடி நின்று. இருபத்துநான்கு. இருபத்தைந்து.

இருபத்தேழில் அது நின்றது.

எட்டு விநாடி ஆயிற்று. பத்து ஆயிற்று. விசிறிகள் மீண்டும் இரைய ஆரம்பித்தன. முடிந்தது என்று சின்னவள் நினைத்தாள். தாளில் அதற்கு மேல் நம்பர் கிடையாது. இனி விட்டுவிடும். விழுவாள், பிடித்துக்கொள்ளலாம். அணைப்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

கணுக்கால் மெதுவாக மேலே போனது. அவள் எக்கினாள். நுனிக்காலில் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

கூரை வெள்ளைத் தகரம். ஒரே பலகை. ஒரு கீறல் கிடையாது, ஒரு இணைப்பு கிடையாது. பெரியவளின் உயர்த்திய கை அதற்குள் மணிக்கட்டு வரை மறைந்திருந்தது.

பிறகு முழங்கை வரை.